கராஜ் கணக்கு

வீட்டுக்கு வரும் விருந்தினரை விறாந்தையில் இருத்துவது எம்மவர் வழக்கம். சற்று நெருங்கியவராயின் மண்டபத்துக்கு அழைப்போம்; உறவினராயின் குசினி வரையும் வரலாம். ஆனால், எவரையும் நாம் கராஜுக்குள் அழைத்துச் செல்வதில்லை. வீட்டில் முடிவெடுக்கப்படாத விடயங்கள் யாவும் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. எறிய மனமில்லை, பாவிக்க வழியில்லை என்ற நிலைக்கு வந்துவிட்ட பொருள் முதலில் கட்டிலின் கீழே போகும். பின்னர் பரணுக்கு ஏறும். ஈற்றில் கராஜில் அடைக்கலம் புகும்.

யாழ்ப்பாணத்து வீடுகளைப் பொறுத்தவரை கராஜ் என்பது வண்டில் கொட்டிலின் வாரிசு எனலாம். மாட்டு வண்டில் நின்ற இடத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் வந்து நின்றன. கிடுகு போய் ஓடு வந்தது. சாணத் தரை போய்ச் சீமெந்துத் தரை வந்தது. எங்கள் வீட்டுக் கராஜும் அத்தகையதே. 18 அடி நீளம், 10 அடி அகலம். அதன் ஒரு பக்கச் சுவரே எங்கள் தாயாரின் படுக்கையறைச் சுவருமாகும். அந்தச் சுவரில் காற்றுக்கென விடப்பட்ட துவாரங்களும் உண்டு. இந்த அமைப்பை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்; அது பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியுள்ளது.

ஆசிரியராக இருந்த என் தந்தையார் 1970களில் கைமாறி வந்த மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினார். 948 சிசி இயந்திரம் கொண்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதை எம்மவர் பலரும் அறிந்ததே. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய ஆங்கிலேய இயந்திரங்கள் என்பதாலேயே அது சாத்தியமாயிற்று. அதற்கும் ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் இயந்திர ஒயிலுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒயிலோ இலகுவில் கிடைக்காது. கார் எத்தனை மைல் ஓடியது, எவ்வளவு ஒயில் விட்டது, எந்தப் பாகம் கழற்றப்பட்டது என்பதையெல்லாம் தந்தையார் ஒரு சீஆர் கொப்பியில் குறித்து வந்தார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது எங்களிடம் பெற்றோலும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. தந்தையார் காரைக் கல்லின் மேல் ஏற்றிவைத்து, காபரேற்றரையும் டைனமோவையும் கழற்றி ஓர் உரப்பையில் கட்டினார். அந்தப் பையும் கொப்பியும் சைக்கிளில் தென்மராட்சிக்குப் பயணமாயின. மறு ஆண்டு நாங்கள் திரும்பிவந்தபோது கதவுகள் இல்லை, தளபாடங்கள் இல்லை, கூரையில் பாதி இல்லை. கார் மட்டும் கல்லின் மேல் அப்படியே நின்றது. இயங்க முடியாத காரை எவரும் கொண்டுசெல்லவில்லை.

தந்தையார் மறைந்து பல ஆண்டுகளாகின்றன. கொழும்பில் என் பத்திரிகைப் பணி முடிந்து 2023இல் நான் ஊர் திரும்பியபோது அந்தக் கராஜ் இருந்த நிலை வேறு. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாட்கணக்கில் வரிசை, பின்னர் யூலை மாதத்தில் கியூஆர் முறை. கிடைத்ததைக் கிடைத்த கொள்கலனில் சேமித்து வைக்காத வீடு குறைவு. உறவுக்காரப் பையன்கள் சிலர் தங்கள் பங்கையும் எங்கள் கராஜில் வைத்துவிட்டு மறந்துபோயிருந்தனர். மூன்று பிளாஸ்ரிக் கான்களிலும் இரண்டு சோடாப் போத்தல்களிலும் பெற்றோல். அதன் பக்கத்தில் ஏழு பழைய ரயர்கள், செத்துப்போன இரண்டு பற்றரிகள், காய்ந்துபோன பெயின்ற் வாளிகள், ஜாம் போத்தல் விளக்குகள். இவற்றுக்கெல்லாம் மேலாக, நான் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து சேர்த்த பத்திரிகைக் கட்டுகள். தாள் தட்டுப்பாட்டினால் கோடிட்ட கொப்பித் தாளிலும் பொதி சுற்றும் தாளிலும் கூட யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அச்சேறிய நாட்களின் பிரதிகளும் அவற்றுள் அடக்கம். சுவருக்கு மறுபுறம் 84 வயதுத் தாயாரின் கட்டில்.

இங்கேதான் சற்று விஞ்ஞானம் பேச வேண்டியுள்ளது. பெற்றோலில் இருந்து எழும் ஆவி வளியிலும் பாரமானது. அது நிலத்தோடு படர்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும் திரவத்துக்கு எங்கள் ஊர் வெயில் எம்மாத்திரம்! ஓர் ஆளியைப் போடும்போது எழும் சிறு பொறியே போதுமானது. பற்றரியை மின்னேற்றும்போது வெளியேறும் ஐதரசனோ இதற்கு நேர்மாறானது. மிக இலேசானது, கூரையை நோக்கி எழும். ஆகவே ஒரு கராஜுக்கு நிலமட்டத்திலும் காற்று வழி வேண்டும், கூரையடியிலும் வேண்டும். அவை வெளிப்புறமாகத் திறக்க வேண்டுமே தவிர, ஒருவர் உறங்கும் அறைக்குள் திறக்கக் கூடாது. நான் செய்த முதல் வேலை தாயாரின் அறைப் பக்கத் துவாரங்களைச் சீமெந்தால் அடைத்து, வெளிச்சுவரில் மேலும் கீழுமாகப் புதிய துவாரங்களை இடுவித்ததுதான்.

பழைய பெற்றோலை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. வளவில் ஊற்றிவிடலாம் என்றார் ஒருவர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லில் தங்கி நிற்பது. மேலே ஊற்றுவது கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2015இல் மக்களை வீதிக்கு இறக்கிய விவகாரமாயிற்று. ஆகவே எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் உலோகக் கானில் ஒப்படைத்தேன்.

ரயர்கள் வேறு வகையான ஆபத்து. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். ரயரின் உட்புறத்தில் தேங்கும் ஒரு சிரட்டைத் தண்ணீர் நுளம்புக்குப் போதும். தண்ணீர் வற்றிய பின்னரும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். குப்பை சேர்ந்த இடத்தில் எலி வரும். எலி வயரைக் கடிப்பதோடு நிற்பதில்லை. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் சில உயிர்களைப் பறித்தது. கராஜைத் துப்புரவாக வைத்திருப்பது ஓய்வுபெற்றவரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோருக்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன்.

ஒழுங்குபடுத்தும் முறையை நான் அச்சுக்கூடத்தில்தான் கற்றேன். கையால் அச்சுக் கோத்த காலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பெட்டியில் ஓர் அறை. கோப்பவரின் கண் மூலப்பிரதியில் இருக்கும். கை தானாகவே உரிய அறைக்குப் போகும். அதைவிட முக்கியமானது, அச்சாகி முடிந்த பின்னர் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையிலேயே திரும்பப் போடும் வேலை. அது நடக்காவிட்டால் மறுநாள் பத்திரிகை வராது. கராஜும் அப்படியே. எடுப்பதற்கு எல்லோருக்கும் தெரியும். திரும்ப வைப்பதிலேதான் ஒழுங்கு இருக்கிறது. ஒரு பலகையைச் சுவரில் அடித்து, குறடு, சுத்தியல், ஸ்பனர் ஒவ்வொன்றின் உருவையும் கறுப்பு மையால் வரைந்தேன். எது வெளியே போயிருக்கிறது என்பதை வெறும் உரு காட்டிக்கொடுக்கும். தட்டுகளை நிலத்திலிருந்து அரை அடி உயரத்திலும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியும் வைத்தேன். கரையான் மறைவாக ஏற இடமில்லை. ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

இவை யாவும் இலகுவானவை. கடினமானது தாயாரின் சம்மதம்.

"தம்பி, ஒண்டையும் எறியாதை. தொண்ணூற்றைஞ்சிலை விட்டிட்டுப் போனது காணும்" என்றார்.

இந்த வசனத்துக்குப் பதில் சொல்ல எவராலும் இயலாது. கனடாவில் இருக்கும் தம்பியோ தொலைபேசியில் வேறு கதை சொன்னான்: "அண்ணை, உதுகளை எல்லாம் வித்துப்போட்டு இடத்தைத் துப்புரவாக்குங்கோ." ரொறன்ரோவில் அவனது வீட்டுக் கராஜைக் காணொளி அழைப்பில் காட்டும்படி கேட்டேன். கதவு திறந்தது. குடியேறிய காலத்தில் கட்டிய பெட்டிகள் பிரிக்கப்படாமலே கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. கார் வெளியே பனியில் நின்றது. அதிலும் ஒரு நன்மை உண்டு. குளிருக்குப் பயந்து மூடிய கராஜுக்குள் காரை இயக்கிச் சூடேற்றுவதால், நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு வீட்டுக்குள் புகுந்து உயிரைக் குடிக்கும் சம்பவங்கள் குளிர் நாடுகளில் நிகழ்கின்றன. அங்குள்ள வாசகர்கள் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

இழந்து பழகியவர்கள் எதையும் இழக்க விரும்புவதில்லை. அது யாழ்ப்பாணத்திலும் ஒன்றுதான், ரொறன்ரோவிலும் ஒன்றுதான். ஆனால், வைத்திருத்தல் வேறு, பேணுதல் வேறு என்பதை என் தந்தையாரின் கொப்பி எனக்குச் சொல்லித்தந்தது. அதனை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, காரைக் காப்பாற்றியது காரின் மீதான பற்று மாத்திரமல்ல, எந்தப் பாகம் முக்கியம் என்று தெரிந்து அதனை மட்டும் தூக்கிச்சென்ற அறிவே என்பது புலனாயிற்று. கொப்பியின் எஞ்சிய பக்கங்களில் நான் ஒரு புதிய நிரலைக் கீறினேன். தலைப்பு: 'போனவை'. பொருள் என்ன, எப்போது வந்தது, எங்கே, யாரிடம் போகிறது என்ற விபரங்களை எழுதி, மாலையில் தாயாருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் தலையசைத்த பின்னரே பொருள் படலையைத் தாண்டும்.

ரயர்கள் பழைய சாமான் வாங்குபவரிடம் போயின. பற்றரிகளைப் புதியதொன்றை வாங்கிய கடையில் கொடுத்து விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டேன். சைக்கிள் ஒன்று அயல்வீட்டுப் பையனுக்குப் பள்ளிக்கூடம் போக உதவியது. ஜாம் போத்தல் விளக்குகளில் இரண்டைத் தாயார் மறித்துவிட்டார். "உந்த வெளிச்சத்திலைதான் நீ சோதினைக்குப் படிச்சனி" என்றார். அவை இப்போது தட்டில், பெயர்ச் சீட்டுடன் இருக்கின்றன.

காருக்கும் கவனிப்புத் தேவைப்பட்டது. 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் மதிப்பை நாடே உணர்ந்துகொண்டது. மைனரை உள்ளே நிறுத்தியபடி ஐந்து நிமிடம் இயக்கி அணைப்பதால் பயனில்லை. ஒயில் நன்கு சூடாகும்வரை வீதியில் ஓட வேண்டும். இன்னொன்று: இக்காரில் பற்றரியின் நேர் முனையே உடலோடு இணைக்கப்படுவது. இளைய மெக்கானிக்குகள் வழமைப்படி மறை முனையை இணைத்துவிடக்கூடும். தந்தையார் கொப்பியின் முதற் பக்கத்திலேயே இதனைச் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறார்.

பத்திரிகைக் கட்டுகளைக் கராஜிலிருந்து முற்றாக வெளியேற்றினேன். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97 ஆயிரம் நூல்களுடன் எரிக்கப்பட்டது. ஈழநாடு பத்திரிகைப் பணிமனையும் அவ்வேளையில் தீக்கிரையாயிற்று. எரித்தவர்களைப் பற்றி நாம் 40 ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிவருகிறோம், எழுதத்தான் வேண்டும். அதேவேளை, எஞ்சிய தாளைப் பெற்றோலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் வீடுகள் எத்தனை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டுகள் இப்போது வெயில் படாத உள்ளறையில் படுக்கையாக அடுக்கப்பட்டுள்ளன. மரக்கூழில் செய்த மலிவுத் தாள் தானாகவே மஞ்சளாகி நொறுங்கும் இயல்புடையது. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக மின்வருடிப் பிரதி செய்து வருகிறேன். 2005 முதல் எம்மவரின் வெளியீடுகளை இணையத்தில் ஆவணப்படுத்திவரும் நூலகம் திட்டத்தைப் போன்ற முயற்சிகள், வீடுகளில் கிடக்கும் இத்தகைய கட்டுகள் வெளியே வந்தால்தான் முழுமை பெறும்.

கொப்பியில் 'போனவை' நிரல் இதுவரை 41 வரிகளை எட்டியுள்ளது. மாதத்தில் ஒரு நாள் தாயார் அதனைக் கேட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக விரலை வைத்து வாசிக்கிறார். எந்தப் பொருள் எவரிடம் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். 1995இல் போனவற்றுக்கு எங்களிடம் இப்படியொரு பட்டியல் இல்லை.