நன்னாவின் புல்லட்டும் நாம் செய்யும் தெரிவும்



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன் மோட்டார் வண்டி வாங்குவதைப் பற்றி எழுதுவதா என்று உங்களில் சிலர் வியப்படையலாம். கலைப் பட்டதாரியான எனக்கு என்ஜினைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு வண்டியைத் தெரிவு செய்யப் போன இடத்தில் என்னையே நான் அறிந்துகொள்ள நேர்ந்தது. அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

மர்ஹூம் என் அத்தா ஒரு புல்லட் வைத்திருந்தார்கள். கறுப்பு நிறம், பெட்ரோல் டாங்கின் இருபுறமும் கையால் தீட்டிய பொன்னிறக் கோடு. இன்றைய வண்டிகளைப் போல் அல்லாமல் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, சிறு நெம்பைப் பிடித்து அழுத்தத்தை வெளியேற்றி, பிறகுதான் உதைக்க வேண்டும். முறை தவறினால் அது திருப்பி உதைக்கும். பொத்தேரி ஏரிக்கரையில் அத்தா எனக்கு அதை ஓட்டக் கற்றுத் தந்த நாட்கள் இன்னும் நெஞ்சில் பசுமையாக நிற்கின்றன. 1996-இல் நான் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டணத்துக்காக அதை விற்றார்கள். அதன்பின் மௌத்தாகும்வரை சைக்கிளிலேயே சென்றார்கள். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

என் அக்காவின் மகன் தன் நன்னாவின் அந்த வண்டியைப் பார்த்ததே இல்லை, புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறான். தகப்பனை இழந்த பிள்ளை. படிப்பை முடித்து ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, மாதாமாதம் சேமித்து, 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்னிடம் வந்து, "மாமா, நன்னா வண்டி மாதிரியே ஒன்று வாங்கப் போகிறேன். நீங்கள் கூட வரவேண்டும்" என்றான். என் கண்கள் கலங்கிவிட்டன என்பதை மறைப்பானேன்?

முதலில் உண்மையான பழைய வண்டியைத்தான் தேடினோம். ஒருவர் காட்டிய வண்டி பார்ப்பதற்கு மணமகனைப் போல் ஜொலித்தது. பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டபோது, சட்டகத்தின் எண் ஒன்றாகவும் என்ஜின் எண் வேறாகவும் இருந்தன. இரண்டு வண்டிகளைப் பிரித்து ஒன்றாக்கி, புது வர்ணம் பூசி, 'அசல்' என்று விலை சொல்லியிருக்கிறார்கள். தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எண்ணே பொருந்தாத வண்டியை எங்கே கொண்டுபோய்ப் புதுப்பிப்பது? பேசாமல் திரும்பினோம்.

அசலின் பெயரால் போலி விற்பது மோசடி. ஆனால் 'இது பழைய உருவில் செய்த புதிய பொருள்' என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதில் குற்றம் ஏதுமில்லை. மேலை நாடுகளில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1957-இல் 'செவன்' என்னும் சின்னஞ்சிறு பந்தயக் காரை வெளியிட்டது. 1973-இல் அதன் உரிமையைப் பெற்ற கேட்டர்ஹாம் என்னும் நிறுவனம் அதே உருவத்தில் இன்றும் கார்களைச் செய்து வருகிறது. எந்த என்ஜின், எந்த இருக்கை, எந்த வண்ணம் என்று வாங்குபவரே பட்டியலில் குறித்துக் கொடுப்பார். உதிரி பாகங்களாக வாங்கித் தன் வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்வோரும் உண்டு.

அத்தகைய காரெல்லாம் நம் போன்றோருக்கு எட்டாக் கனி. ஆனால் அதே வகையான பொருள் ஒன்று நம் வாசலுக்கு அருகிலேயே உருவாகிறது என்பதைச் சிந்தித்திருக்கிறீர்களா? இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு வண்டியை, 1955-இல் கூட்டுச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் நம் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கியது. தாய் நிறுவனம் 1970 வாக்கில் மூடப்பட்டது. சென்னையில் வளர்ந்த பிள்ளையோ பிழைத்துக்கொண்டது. 1977-இல் புல்லட் வண்டிகள் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின! 1994-இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்த அந்நிறுவனம், 1940களின் இறுதிக்கால வண்டிகளின் சாயலில் 2009-இல் 'கிளாசிக்' என்ற வண்டியை வெளியிட்டது. 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. காட்டாங்குளத்தூரிலிருந்து ஒரகடம் எவ்வளவு தூரம்? சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பினால் நேர்ச்சாலை.

2021 செப்டம்பரில் இந்த கிளாசிக் 350 முற்றிலும் புதிய என்ஜினோடு வெளிவந்தது. தோற்றம் பாட்டன் காலத்தது. உள்ளே இருப்பது இக்காலத்தது. 349 சி.சி. திறன், 195 கிலோ எடை. உதைத்துக் கிளப்பும் கம்பியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் போதும். அத்தாவின் வண்டியில் என்னை எத்தனையோ முறை திருப்பி உதைத்த அந்தக் கம்பியைக் காணாமல் எனக்குச் சற்று ஏமாற்றம்தான்!

ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள ஒரு விற்பனை நிலையத்துக்கு நாங்கள் மூவரும் சென்றோம். அக்காவையும் உடன் அழைத்துச் சென்றது மருமகனின் விருப்பம். விற்பனையாளர் ஒரு திரையில் வண்டியின் படத்தைக் காட்டி, ஒவ்வொரு தெரிவாக விரலால் தொட்டு மாற்றிக் காண்பித்தார். வண்ணம், இருக்கை, கண்ணாடி, காப்புக் கம்பி, சக்கரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று.

இங்கேதான், நேயர்களே, எங்கள் இருவரின் மனமும் தடுமாறின. ரெட்டிச் என்னும் வகையின் விலை, வெளியானபோது ஏறத்தாழ 1 இலட்சத்து 84 ஆயிரம். முலாம் பூசிய டாங்கோடு மின்னும் குரோம் வகை 2 இலட்சத்து 15 ஆயிரம். சாலை வரியும் காப்பீடும் இதற்கு மேல். மருமகன் விலை குறைந்த வகையை எடுத்து, மீதிப் பணத்தை அலங்காரத்தில் போட நினைத்தான். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு ஒற்றை இருக்கை, வெளியில் வாங்கிப் பூட்டும் உரத்த சத்தமுடைய சைலன்சர், இன்னும் என்னென்னவோ. நானோ, அத்தாவின் டாங்க் வெயிலில் மின்னியதை நினைத்துக்கொண்டு, "குரோமையே எடு" என்று தூண்டினேன். சிறு பிள்ளைகளுக்கு வீண்விரயம் கூடாது என்று பாடம் சொல்லும் நான்தான் அப்படித் தூண்டினேன்!

கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அவன் வழியில் போனாலும் என் வழியில் போனாலும் கையிருப்புக்கு மேல் நாற்பதாயிரம் துண்டு விழுந்தது. "தவணை போட்டுக்கொள்ளலாம் மாமா, இந்தக் காலத்தில் யார் போடாமல் இருக்கிறார்கள்?" என்றான். வட்டி என்ற சொல்லை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால் அது வட்டி இல்லையென்று ஆகிவிடுமா?

அதுவரை வாய் திறவாமல் அமர்ந்திருந்த அக்கா, திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்: "தம்பி, நான் பின்னால் உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது?"

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். ஒற்றை இருக்கை வண்டியில் தாய்க்கு இடமேது? முழங்கால் வலியால் அவதிப்படும் அக்கா, மாதம் இருமுறை மருத்துவரைப் பார்க்கச் செங்கல்பட்டுக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போய் வருபவர். 'என்னையும் ஏற்றிக்கொண்டு போ' என்று மகனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றும் அவர் குறை சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

எனக்கோ வேறொரு நினைவு வந்து நெஞ்சை அடைத்தது. அத்தாவின் புல்லட்டில் அம்மா பக்கவாட்டில் அமர்ந்து செல்லும்போது, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று ஒருமுறை சொன்னார்கள். மறுநாளே அத்தா கூடுவாஞ்சேரியில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போய், ஒரு கைப்பிடிக் கம்பியும், புடைவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு தடுப்பும் பொருத்திக்கொண்டு வந்தார்கள். அந்த வண்டிக்கு அத்தா தம் கையால் செய்துகொண்ட ஒரே மாற்றம் அதுதான். நாங்கள் நன்னாவின் வண்டி போல வேண்டும் என்று தேடினோமே, அதன் பளபளப்பைத் தேடினோமே தவிர, இதை மறந்தே போனோம்.

மார்க்கச் சட்ட நூல்களில் 'கியார்' என்றொரு பாடம் உண்டு. வாங்கவோ விடவோ தெரிவு செய்யும் உரிமைக்கு அப்பெயர். நன்மை என்று பொருள்படும் 'கைர்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. ஷாஃபி மத்ஹபில், பேரம் பேசிய இடத்தைவிட்டு இருவரும் பிரியும்வரை முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு. நிபந்தனை பேசி மூன்று நாள்வரை அவகாசம் பெறலாம். மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கலாம். மனிதன் அவசரத்தில் தவறுவான் என்பதற்காகவே இந்த அவகாசங்கள். இதையெல்லாம் மாணவர்களுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். என் வாழ்வில் அன்றுதான் அதை நானே பயன்படுத்தினேன். முன்பணத்தைக் கொடுக்காமல், "இரண்டு நாள் கழித்து வருகிறோம்" என்று எழுந்தோம்.

வீட்டில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டோம். ஒரு பக்கம், உயிரையும் உடலையும் காப்பவை. மறுபக்கம், கண்ணுக்கு மட்டும் அழகு தருபவை. முதற்பக்கத்தில் பிரேக் வந்தது. அப்போது ரெட்டிச் வகையில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக், ஏ.பி.எஸ். முன்சக்கரத்துக்கு மட்டுமே இருந்தது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் கூடுதலான ஹால்சியன் வகையில் இரு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்கும் ஏ.பி.எஸ்ஸும் இருந்தன. சக்கரம் சுழல்வதை ஓர் உணரி ஓயாமல் கவனித்து, அது பூட்டிக்கொண்டு வழுக்கப் போகும் தருணத்தில் பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிப்பதே ஏ.பி.எஸ்ஸின் வேலை. மழைக்கால ஜி.எஸ்.டி. சாலையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பின்னிருக்கை, கைப்பிடி, கால் வைக்கும் படி, புடைவைத் தடுப்பு ஆகியவையும் அதே பக்கத்தில் வந்தன. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்படியும் சக்கரத் தடுப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே கூறுகின்றன. சைலன்சர் மறுபக்கத்துக்குப் போய், அங்கிருந்தும் அடிக்கப்பட்டது. தயாரிப்பாளர் அமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தொட்டிலில் உறங்கும் குழந்தையையும் படுக்கையிலுள்ள நோயாளியையும் பதறவைக்கும் ஓசையில் நமக்கு என்ன இன்பம்? குரோமை நானே என் கையால் அடித்தேன். கை சற்று நடுங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கறுப்பு நிற ஹால்சியனும், பின்னிருக்கைக்கு ஒரு முதுகுத் தாங்கியும், ஒரு காப்புக் கம்பியும், இரண்டு தலைக்கவசங்களும் என்று கணக்கு முடிந்தது. அவனுடைய கையிருப்புக்குள் எல்லாம் அடங்கின. ஒரு காசு கடனில்லை. அல்ஹம்துலில்லாஹ்!

இது நடந்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஒரு மழை நாளின் மாலையில், கூடுவாஞ்சேரி அருகே முன்னால் சென்ற லாரி திடீரென நின்றுவிட, மருமகன் இரு பிரேக்குகளையும் ஒருசேரப் பிடிக்க, வண்டி வழுக்காமல் நேராக நின்றதாம். பின்னால் அக்கா. வீட்டுக்கு வந்து அவன் என்னிடம் சொன்னபோது அவன் குரல் சரியாக இல்லை. காப்பவன் அல்லாஹ், ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல் வைக்க வேண்டும்?

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி வந்து நிற்கலாம். ஆசையைத் தடுக்காதீர்கள், அது ஹலாலான ஆசைதான். ஆனால் கடைக்குப் போகுமுன் தாளில் அந்தக் கோட்டைப் போடச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்குமுன் இரண்டு நாள் அவகாசம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய வண்டியாயின் எண்களைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் அமரப் போகும் தாயையோ மனைவியையோ உடன் அழைத்துச் சென்று, அவர்களை ஒருமுறை ஏறி அமரச் செய்து, "வசதியாக இருக்கிறதா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

சென்ற வாரம் அக்கா எங்கள் வீட்டுக்கு அந்த வண்டியில்தான் வந்தார். இறங்கியதும் டாங்கை ஒருமுறை தடவிவிட்டு, "அத்தா வண்டி இன்னும் கொஞ்சம் சத்தமாக இருக்கும், இல்லையா தம்பி?" என்றார். "ஆமாம் அக்கா" என்றேன். இருவரும் சிரித்தோம்.

மர்ஹூம் அத்தாவின் மறுமை வாழ்வைப் பிரகாசமாக்கி வைக்குமாறு அல்லாஹ்விடம் துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.