உடை மாற்ற ஓர் அறை

ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அக்னி தீர்த்தம், அதாவது கடல். பிறகு கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்கள். ஒவ்வொன்றிலும் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். கடைசித் தீர்த்தம் முடியும்போது உடுத்திய சேலையில் நனையாத நூல் ஒன்றுகூட மிச்சமிருக்காது. ஆனால் ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போகக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆண்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே வேட்டியை மாற்றிவிடுவார்கள். பெண்களுக்கு ஓர் அறை வேண்டும். அந்த அறையை யாரும் வசதி என்று சொல்லிவிட முடியாது. உடை மாற்றச் சொல்வது அந்தச் சடங்கேதான்.

ராமநாதபுரத்தில் வளர்ந்த எனக்கு அந்த அறையின் பழைய வடிவம் தெரியும். வெளியூர் உறவினர்களை ராமேஸ்வரம் அழைத்துப் போகும்போதெல்லாம் அம்மா ஒரு பழைய நூல்சேலையைப் பையில் வைத்துக்கொள்வார். நான்கு பெண்கள் அதை நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நிற்பார்கள். நடுவில் ஒருத்தி அவசர அவசரமாக மாற்றுவாள். காற்று வேகமாக அடித்தால் அத்தை திட்டுவார், காற்றை. ஒரு பைசா செலவில்லாத பாதுகாப்புத் திட்டம் அது. காவல் நின்றவர்கள் எல்லோரும் பெண்கள், தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள்.

2024 டிசம்பரில், அக்னி தீர்த்தக் கடற்கரைக்குப் பக்கத்தில் தனியார் நடத்திய உடைமாற்றும் அறையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த கேமராவை, குளித்துவிட்டு வந்த ஒரு பெண் கண்டுபிடித்தார். போலீஸில் புகார் கொடுத்தார். இருவர் கைது செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உறைத்தது ஒன்றுதான்: அதைக் கண்டுபிடித்தது எந்த ஏற்பாடும் அல்ல, ஒரு பெண்ணின் சந்தேகக் கண். அவர் சுவரை உற்றுப் பார்க்காமல் போயிருந்தால்?

இத்தனைக்கும் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எங்கள் கடற்கரையில் பஞ்சமே இல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம் ஐ.என்.எஸ். பருந்து. மண்டபத்தில் கடலோரக் காவல்படை. கடலுக்கென்று தனிக் காவல் நிலையங்கள். கோயில் வாசலில் சோதனை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது. ஆக, சுவாமியைப் படமெடுத்துவிடக் கூடாது என்று பெண்கள் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். கிழக்கே சில நிமிட நடையில், அதே பெண்களைப் படமெடுக்க ஒரு கேமரா காத்திருந்தது.

வழிபாட்டுத் தலங்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இலங்கை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. அன்று ஹோட்டல்களிலும் சேர்த்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தங்கச்சிமடத்துப் பெண்கள் அன்று மாலை ஜெபத்துக்குப் போகும்போது கதவுப் பக்கம் பார்த்துப் பார்த்து உட்கார்ந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பயம் பொய்யல்ல.

இந்தப் பயத்துக்கு அரசுகள் பணம் ஒதுக்குகின்றன. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் பாதுகாப்பு மானியம் தர ஒரு தனித் திட்டமே உண்டு. 2023இல் அதற்கு 30.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கேமரா, உறுதியான கதவு, விளக்கு, வேலி ஆகியவற்றோடு ஒப்பந்தக் காவலருக்கும் அதில் பணம் கேட்கலாம். பிரிட்டனில் 2016 முதல் வழிபாட்டிடங்களுக்கு இப்படி நிதி தருகிறார்கள். நம் நாட்டில் அதே வடிவில் ஒரு திட்டம் இல்லை. பணம் பல வாசல்கள் வழியாக வருகிறது. கோயில் நிதி ஒரு வாசல், காவல் துறை இன்னொரு வாசல். பெண்களுக்கென்று ஒரு வாசலை டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு 2013இல் திறந்தார்கள். 1,000 கோடி ரூபாயோடு தொடங்கிய நிர்பயா நிதி அது.

எந்த வாசலில் வந்தாலும் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. அது ஆபத்தை வெளியில் தேடும். குண்டோடு வருகிறவன், சிலை திருடுகிறவன், மதில் ஏறிக் குதிக்கிறவன் என்று வரிசையாக யோசிக்கும். உள்ளே இருப்பவர்களிடமிருந்து ஆபத்து வரும் என்பது மட்டும் அதன் கணக்கில் விழாது.

அந்தக் கணக்கை எங்கள் மாவட்டம் ஒருமுறை பார்த்துவிட்டது. ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் வேண்டி வருகிறவர்களை வைத்துக்கொள்ளச் சுற்றிலும் தனியார் காப்பகங்கள் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை அவற்றில் ஒன்றில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. அந்தச் சங்கிலிக்கும் பாதுகாப்பு என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. யாருக்காகப் பாதுகாப்பு என்று சொல்கிறோமோ அவர்களைக் கேட்காமல் செய்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு ஏர்வாடியைத் தாண்டி நான் உதாரணம் தேட வேண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன்பு, பெண்கள் தற்காலிகமாகத் தங்கும் ஒரு சின்ன இல்லத்தில் நான் கணக்கு வழக்கு பார்த்துவந்தேன். வீட்டில் அடி வாங்கி வந்தவர்கள், பிள்ளையோடு வெளியேற்றப்பட்டவர்கள், சிலநேரம் கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போகப்பட்ட வயதான அம்மாக்கள். பாதுகாப்புக்கு உதவித்தொகை என்று ஒரு படிவம் வந்தது. எத்தனை கேமரா, மதில் எத்தனை அடி உயரம், பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நிரப்புவதற்கு முன் தங்கியிருந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டோம்.

"அக்கா, கக்கூஸுக்கு உள்தாழ்ப்பாள் சரியில்ல. மொதல்ல அத மாத்துங்க" என்றாள் ஒருத்தி.

"ராத்திரி வாட்ச்மேனுக்குப் பதிலா ஒரு பொம்பள இருந்தா நல்லாருக்கும்மா" என்றார் வயதானவர்.

கடலோரக் கிராமத்திலிருந்து வந்திருந்த பெண் கடைசிவரை பேசவில்லை. எழுந்து போகும்போது மட்டும் கேட்டார்: "கேமரா வைங்க. அதுல தெரியறத யாரு பாப்பாங்க? எங்க வீட்டுக்காரரு வந்து காசு குடுத்து, எம்பொண்டாட்டி இங்க இருக்காளான்னு கேட்டா காட்டுவாங்களா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. தாழ்ப்பாள் சில்லறைச் செலவு, பட்டியலில் வராது. இரவுக் காவலுக்குப் பெண் என்றால் மாதச் சம்பளம், அது தொடர் செலவு, அதற்கும் அனுமதி இல்லை. ஒருமுறை வாங்கிச் சுவரில் மாட்டி, மாட்டியதைப் படமெடுத்து அனுப்பக்கூடிய பொருளுக்குத்தான் பணம். நாங்கள் கேமராவை வாங்கினோம், தெருவாசலைப் பார்க்க மட்டும். பதிவைத் திறக்கும் கடவுச்சொல் இரண்டு பெண் ஊழியர்களிடம் இருக்கும், யார் எப்போது பார்த்தாலும் நோட்டில் எழுத வேண்டும் என்று விதி செய்தோம். தாழ்ப்பாளுக்கும் இரவுப் பணிக்கும் எங்களுக்குள் வசூலித்தோம். அந்தக் கடலோரப் பெண் நோட்டை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் நோட்டு இருக்கிறது என்பது அவருக்குப் போதுமாக இருந்தது.

ஒளிந்து படமெடுப்பது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. 2013இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த அந்தப் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. முதல் முறைக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டு சிறை. சட்டம் வரும்போது படம் எடுக்கப்பட்டிருக்கும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒரு சுவர், ஒரு தாழ்ப்பாள், வாசலில் சம்பளம் வாங்கும் ஒரு பெண். இந்த மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. தீர்த்தக் கரையில் உடைமாற்றும் அறைகளை இலவசமாக நடத்தும் வேலையையும், தினமும் காலையில் அவற்றைச் சோதித்துக் கையெழுத்திடும் பொறுப்பையும் அவர்களிடம் கொடுக்கலாம். பாதுகாப்பு நிதியிலிருந்தே கூலி கொடுக்கலாம்.

இதைக் கேட்க இடமும் இருக்கிறது. அறநிலையத் துறைச் சட்டப்படி அரசு அமைக்கும் அறங்காவலர் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும். மாநில வக்ஃப் வாரியத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும் என்று 2013இல் சட்டத்தைத் திருத்தினார்கள். குத்துவிளக்கு ஏற்ற மட்டும் அவர்களை அழைக்காமல், பாதுகாப்புச் செலவுக் கணக்கை அவர்கள் முன்னால் வையுங்கள். மாணவிகளே, உங்கள் ஊர்க் கோயிலிலோ தர்காவிலோ தேவாலயத்திலோ எத்தனை கேமரா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடிந்தால் கேளுங்கள். கூடவே இன்னும் மூன்று கேள்விகள்: அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன? பதிவை யார் பார்க்கிறார்கள்? பெண்கள் உடை மாற்ற எத்தனை அறை?