தெரிந்து தெளிதல்

இலக்கியப் பக்கத்தில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மைதானத்தில் ஓர் இளைஞனைப் பார்த்து 'இவன் வருவான்' என்று சொல்வதும், முதல் தொகுப்பைப் படித்துவிட்டு ஒரு கவிஞனைப் பற்றி நாம் தீர்ப்பு எழுதுவதும் ஏறக்குறைய ஒரே காரியம்தான். இரண்டிலும் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே எடை போடுகிறோம்.

எடைபோடுவதையே பெருந்தொழிலாக வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்ற ஆட்டக்காரன்தான் அணியின் மூளை. கல்லூரி அணிகளிலிருந்து அவனைத் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது ஓடும் வேகம், உள்ளங்கையின் அகலம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். அப்படி அளந்து 1998இல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்ட ரயன் லீஃப் சில ஆண்டுகளிலேயே களத்தை விட்டுப் போனார். 2000இல் 198 பேரை எடுத்த பிறகு அழைக்கப்பட்ட டாம் பிராடி, ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார்.

நம்மிடமும் கதைகள் உண்டு. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2015இல் ரஞ்சி ஆட வந்தபோது பந்து வீசும் முறையிலேயே ஐயம் எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டு 2016இல் தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் யார்க்கர்களால் கவனம் பெற்றார். மறு ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். ஆறு ஆட்டங்கள், இரண்டு விக்கெட்டுகள். அந்த அணி அவரை விட்டுவிட்டது. 2018இல் 40 லட்சத்துக்கு எடுத்த ஹைதராபாத் அணியில் இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்தார். 2020இல் வாய்ப்புக் கிடைத்தது, 16 விக்கெட்டுகள். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார்.

வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படித்தவர். 2018 விஜய் ஹசாரே கோப்பையில் ஒன்பது ஆட்டங்களில் 22 விக்கெட்டுகள் எடுத்தார். அந்த ஆண்டு ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். அடுத்த பருவத்தில் ஆடியது ஒரே ஆட்டம். 2021 உலகக் கோப்பையில் விக்கெட்டே இல்லை. பிறகு பந்து சுழலும் விதத்தையே மாற்றிக்கொண்டு மீண்டார். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்றே ஆட்டங்களில் ஒன்பது விக்கெட்டுகள்.

இவர்களை அளந்தவர்கள் யாரும் முட்டாள்கள் அல்லர். யார்க்கர் தெரிந்தது, விரலின் வித்தை தெரிந்தது. தோற்ற பிறகு வரும் இரண்டு மூன்று ஆண்டுகளை அவன் எப்படிக் கடப்பான் என்பது மட்டும் தெரியவில்லை. அது அவனுக்கே அப்போது தெரிந்திருக்காது.

பொருட்பாலில் அதிகாரங்கள் நிற்கும் வரிசையைக் கவனித்தால் இது விளங்கும். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் மூன்றும் வந்த பின்னரே தெரிந்து தெளிதல் வருகிறது. நாம் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். ஆராயாமல் நம்புவது, நம்பிய பின் ஐயுறுவது இரண்டையுமே தீராத துன்பம் என்று சொல்லி அந்த அதிகாரம் முடிகிறது. 3 கோடி கொடுத்து நம்பி ஆறு ஆட்டங்களில் ஐயுறுவதை வேறு எப்படிச் சொல்வது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தக் கேள்வி வேறு உருவில் வருகிறது. இங்கே தண்ணீர் வற்றிய கண்மாய்களெல்லாம் மைதானங்கள். என் வகுப்பில் இரண்டாமாண்டு படித்த ஒரு மாணவன் இடக்கை வேகப்பந்து வீச்சாளன். அவனுடைய அப்பா ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. ஒருநாள் ஷிப்டு முடிந்து நேராகக் கல்லூரிக்கு வந்தார். "சார், படிப்ப விட்டுட்டு மெட்ராசுல லீக் ஆடப் போறேங்கான். இவன் தேறுவானா? நீங்க ஒரு வார்த்த சொன்னா அனுப்பிருதேன்."

அவன் பந்தின் வேகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஆலைச் சம்பளத்தில் எத்தனை ஆண்டுகள் ஒரு மகனைச் சென்னையில் வைத்திருக்கலாம், திரும்பி வந்தால் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. நடராஜனுக்கு ஜெயப்பிரகாஷ் என்ற வழிகாட்டி இருந்தார். சட்டையில் 'ஜேபி நட்டு' என்று எழுதிக்கொள்ளும் அளவுக்கு இருந்தார். வெளியே உட்கார்ந்திருந்த பருவங்களிலும் ஒப்பந்தப் பணம் இருந்தது. வருணுக்குக் கையில் பட்டம் இருந்தது. காத்திருப்பதற்கும் ஒரு முதல் வேண்டும். அது எல்லா வீட்டிலும் இருப்பதில்லை.

"தேறுவானா என்பது எனக்கு மட்டுமல்ல, யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. ரெண்டு வருஷம் ஒண்ணும் நடக்காம இருந்தாலும் நிக்கிறதுக்கு ஓர் இடம் வேணும். மொதல்ல பட்டத்தை முடிக்கட்டும்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப வயசு போயிராதா சார்?" என்று மட்டும் கேட்டார். அது காலமறிதல். அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

அவன் பட்டத்தை முடித்தான். பொதிகை ரயிலில் சென்னைக்குப் போய், பகலில் ஒரு வேலையும் விடுமுறை நாட்களில் கீழ்நிலை டிவிஷன் ஒன்றில் ஆட்டமுமாக இருக்கிறான். வருவானா என்று யாரேனும் கேட்டால், இன்னும் ஆடுகிறான் என்று மட்டும் சொல்கிறேன்.