சுராங்கனியும் என் அண்ணனும்

சில ஆண்டுகளுக்கு முன் பதுளை செல்லும் ரயிலில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். தலவாக்கலையைத் தாண்டி வட்டகொடையை நெருங்கும் வேளையில், பக்கத்துப் பெட்டியில் இளைஞர் கூட்டமொன்று பலகையைத் தட்டி 'சுராங்கனி' பாடத் தொடங்கியது. எனக்கு அண்ணனின் நினைவு வந்துவிட்டது.

அறுபதுகளின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இலங்கைத் தமிழரிடையே பொப் இசை அலையை எழுப்பியது. அந்த அலையில் உயர்ந்த இன்னொரு பெயர் ஏ. ஈ. மனோகரன். போர்த்துக்கேயர் காலத்து வேர்கள் கொண்ட பைலாவின் துள்ளலில் அவர் பாடிப் புகழ்பெற்றதுதான் 'சுராங்கனி'. அந்தப் பெண்ணுக்கு மீன் கொண்டு வந்திருப்பதாகச் சொல்லும் சிங்களப் பல்லவி அதன் உயிர்.

எங்கள் லயத்தில் கடலைக் கண்டவர் எவருமில்லை. மீன் என்றால் சம்பள நாளன்று கடைவீதியில் வாங்கும் கருவாடுதான். ஆயினும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அந்தப் பல்லவி கேட்கும். அண்ணனுக்குச் சிங்களம் நன்றாக வரும். "மாலுன்னா மீன். நாம 'கு'ன்னு சொல்ற இடத்துல அவங்க 'ட'ன்னு சொல்வாங்க. சுராங்கனிட்ட, சுராங்கனிக்கு" என்று எனக்கு விளக்குவான். நான் கற்ற முதல் சிங்கள இலக்கணம் அதுதான்.

1977 ஓகஸ்ட் வன்செயல்கள் மலையகத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக இருந்தது. அதுவரை தயங்கிய அண்ணன் அந்தக் கணக்கில் ஒருவனானான். 1979-இல் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரம் வழியாக நீலகிரியின் கூடலூரை அடைந்தான். அங்கும் தேயிலைதான்.

சுராங்கனி அவனுக்கு முன்பே அக்கரை சேர்ந்திருந்தாள். அதே 1977-இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில், இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் அவள் தமிழ்நாடு முழுதும் அறிமுகமாகிவிட்டாள். பின்னர் வேறு இந்திய மொழிகளிலும் பாடப்பட்டாள். மறுபதிப்புகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவை இல்லையேல் இத்தீவின் மீன் பாட்டு இத்தனை தூரம் போயிருக்காது. ஆனால் போகிற வழியில் அந்த 'ட' உதிர்ந்து, 'சுராங்கனிக்கா' என்று தமிழ் வாய்க்கு இசைவாகிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து, செய்தி சேகரிக்கப் போன ஒரு பயணத்தில் கூடலூரில் அண்ணனைச் சந்தித்தேன். அயல்வீட்டுத் திருமணம். இரவில் பையன்கள் சுராங்கனியைப் பாட, அண்ணனும் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டான். ஒரு பையன் நிறுத்தினான். "மாமா, தப்பாப் பாடுறீங்க. 'ட' இல்ல, 'கா'!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அடுத்த முறை அவர்கள் சொன்னபடியே பாடினான்.

படுக்கப் போகும்போது மெல்லச் சொன்னான்: "தம்பி, அங்க இருந்தப்ப நம்மள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கிறாங்க. எனக்குச் சரியாத் தெரிஞ்சது அந்த ஒரு எழுத்துதான். அதையும் திருத்திட்டானுங்க."

என்னிடம் பதில் இருக்கவில்லை.

மனோகரனும் தமிழ்நாட்டுக்குப் போனவர்தான். படங்களில் நடித்தார். அங்கும் அவர் 'சிலோன் மனோகர்' என்றே அழைக்கப்பட்டார். 2018 ஜனவரி 22-இல் சென்னையில் காலமானார். அந்தச் செய்தியைப் பகிர்ந்துகொள்ள அப்போது அண்ணன் இல்லை.

ரயில் வேகம் குறைந்தது. பாடிய கூட்டத்தில் தமிழ்ப் பையன்களும் சிங்களப் பையன்களும் கலந்திருந்தார்கள். பையைத் தோளில் மாட்டியபடி காதைத் தீட்டிக்கொண்டேன்.

'ட' என்றுதான் பாடினார்கள். அத்தனை பேரும்.

வட்டகொடையில் இறங்கினேன். வண்டி வளைவில் மறையும்வரை நிலைய மேடையிலேயே நின்றிருந்தேன்.