விராலுக்குக் குஞ்சு இருந்தால் தூண்டிலை எடுத்துவிடு

என் அண்ணன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எனக்கு இப்போது 74 வயது. படித்ததிலும் கேட்டதிலும் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. அவர் கண்மாய்க் கரையில் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது. பேரப்பிள்ளைகளே, அதில் கொஞ்சத்தை உங்களிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர்ப் பக்கம். வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால்தான் சோறு. அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். வயல்வேலை இல்லாத நேரத்தில் அவரைத் தேட வேண்டிய இடங்கள் மூன்றே: மடை, கலுங்கு, பொட்டல்காடு. கூடவே கன்னி இன வேட்டைநாய் ஒன்று ஓடும். அதற்குப் பின்னால் நான் ஓடுவேன். "பொட்டப்புள்ளைய எங்கடா இழுத்துக்கிட்டு அலையிற?" என்று ஆத்தா வாசலில் நின்று ஏசும். "அவளுக்கும் ரெண்டு கண்ணு இருக்குல்ல, பாக்கட்டும்" என்பார் அண்ணன்.

பார்க்கச் சொல்லிக் கொடுத்ததுதான் அவர் எனக்குக் கொடுத்த முதல் சீதனம். தூண்டில் போட்டால் தக்கை ஆடும் விதத்திலேயே கடிக்கிறது கெண்டையா கெளுத்தியா என்று சொல்லிவிடுவார். நான் வாய் திறந்தால், "ஏத்தா, சும்மா இரு. மீனு ஓடிரும்ங்கிறதுக்காகச் சொல்லல. பேசுனா உனக்குத் தண்ணி தெரியாது" என்பார். ஒரு காலைப்பொழுது முழுக்கப் பேசாமல் இருக்க அப்படித்தான் பழகினேன். பிற்பாடு கல்யாண வீட்டிலும் பஞ்சாயத்திலும் ஆசுபத்திரி வராந்தாவிலும் அந்தப் பழக்கம்தான் எனக்குக் கைகொடுத்தது.

இனி விரால் கதை. குஞ்சு பொரித்த விராலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் சிவப்பாக, ஒரே கூட்டமாகத் தண்ணீரின் மேல்மட்டத்தில் துடித்துக்கொண்டு போகும். தாயும் தகப்பனும் அடியில் காவல் வரும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு தவளையைக் கோத்துப் போட்டால் போதும். குஞ்சைத் தின்ன ஏதோ வந்துவிட்டதென்று பெரிய விரால் பாய்ந்து கவ்வும். பசியால் வருகிற மீன் தப்பினாலும் தப்பும். பிள்ளைக்காக வருவது தப்பாது. விராலைப் பிடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அண்ணன் அந்தக் கூட்டம் கண்ணில் பட்டதுமே தூண்டிலைச் சுருட்டிவிடுவார். ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஒரு தடவை பிடிச்சேன்த்தா. ரெண்டும் ரெண்டு கிலோ தேறும். மறுநாள் அதே எடத்துக்குப் போனேன். கொக்கு நின்னுச்சு. சாயங்காலம் போனேன். கொக்கும் இல்ல, குஞ்சும் இல்ல." அதற்குமேல் அவர் பேசவில்லை. யாரும் அவரைத் தண்டிக்கவில்லை. அவராகவே மறுநாள் போய்ப் பார்த்தார். செய்த காரியத்தை மறுநாள் போய்ப் பார்க்கிறவனுக்குப் புத்தி சொல்ல ஆள் வேண்டாம்.

வேட்டையிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. பகலில், நாயோடு, முயல் ஓட வழி இருக்கிற இடத்தில் மட்டும் போவார். ராத்திரி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "வெளிச்சத்தப் பாத்தா முயலு தெகைச்சு நின்னுரும். நிக்கிறத அடிக்கிறது வேட்டையா?" என்பார்.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் அதைத் திருத்தி, உரிமம் வாங்கிக்கொண்டு வேட்டையாடும் வழியையும் அடைத்தார்கள். எங்கள் ஊருக்குச் சேதி மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அண்ணன் முணுமுணுத்தார். "காட்ட அழிச்சவன விட்டுட்டு என்னையப் பிடிக்கிறாய்ங்க" என்றார். ஆனால் கௌதாரிக்கு வைக்கும் கண்ணியைப் பிரித்து அடுப்பில் போட்டுவிட்டார். பிறகும் இளவட்டங்கள் முயல் எங்கே இருக்கும் என்று கேட்டு வருவார்கள். கூட்டிக்கொண்டு போவார். புல்லுக்குள் முயல் படுத்த குழியையும் புழுக்கையையும் கால் தடத்தையும் காட்டிவிட்டு வெறுங்கையோடு கூட்டி வந்துவிடுவார். "இருக்கிற எடம் தெரிஞ்சு போச்சுல்ல, அப்புறம் அது எதுக்கு?" என்பார். பாதிப்பேர் மறுபடி வரமாட்டார்கள். மறுபடி வந்தவர்கள் காட்டைக் கற்றுக்கொண்டார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில், என்னைச் சைக்கிளில் வேட்டங்குடிக்குக் கூட்டிப்போவார். அங்கே நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வந்து கூடு கட்டும். 1977இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகள் மிரளக்கூடாதென்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வேட்டைக்காரரான அண்ணன் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். "ஒரு ஊரே சேந்து சும்மா இருக்குது பாரு" என்று சொன்னபோது, அவர் குரலில் இருந்தது பொறாமையா மரியாதையா என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கோடையில் தண்ணீர் வற்றியதும் கண்மாய் அழிவு வரும். மீன்பிடித் திருவிழா என்று செய்தித்தாளில் போடுவார்களே, அதுதான். பெரியவர்கள் கரையில் நின்று துண்டை வீசினதும் ஊரே ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக உள்ளே இறங்கும். பிடித்த மீன் வீட்டுக் குழம்புக்குத்தான், விற்பதற்கில்லை. அண்ணன் முதல் மீனை, இறங்க ஆளில்லாத வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் இரண்டாவதைத் தேடுவார்.

கடைசி வருடம் அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கரையில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய ஊத்தாவை எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன். "இடப்பக்கம்... அந்தக் கோரைக்குப் பக்கத்துல அமுக்கு... கைய விட்டுப் பாரு" என்று அங்கிருந்தே ஏவினார். ஒரு மணி நேரச் சேற்றுக்கு இரண்டு குரவை மீன் கிடைத்தன. "ஒண்ண அடுத்த வீட்டுக்குக் குடுத்துரு" என்றார். மற்றொன்றில் ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். அடுத்த கோடைக்கு அவர் இல்லை.

பிள்ளைகளே, வேட்டையாடச் சொல்லி இதை எழுதவில்லை. முயலும் கௌதாரியும் அதன் பாட்டுக்கு இருக்கட்டும். உங்களிடம் கேட்பது மூன்று. பேசாமல் பார்க்கப் பழகுங்கள். நிற்கிறதை அடிக்காதீர்கள், அது முயலானாலும் மனிதனானாலும். செய்த காரியத்தை மறுநாள் போய்ப் பாருங்கள்.

வருகிற கோடையில் கண்மாய் அழியும்போது ஊருக்கு வாருங்கள். போனைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்குங்கள். அண்ணனின் ஊத்தா பரணில்தான் இருக்கிறது. இரண்டு குச்சி மட்டும் மாற்ற வேண்டும்.