டீன் ஏஜ் தங்கையோடு ஒரு நாள் சென்னை: பாதி பிளான் உங்களுடையது, மீதி அவளுடையது!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம் விருதுநகரிலிருந்து சித்தி போன் செய்தார். "பாப்பாவ ரெண்டு நாளு உங்கிட்ட அனுப்புறேன்மா. ஊரைச் சுத்திக் காட்டு. அப்படியே எந்த குரூப் எடுக்கணும்னு நைஸா பேசிப் பாரு. எங்ககிட்ட வாயே திறக்க மாட்டேங்கிறா. நீ சொன்னா கேப்பா."

500-க்கு 431 மதிப்பெண். பயோ-மேத்ஸ்தான் என்று சித்தி வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. படிக்கப்போகிறவள் மட்டும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை குடும்பத்தோடு வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் வந்து இறங்கினாள். "வாங்க டாக்டரம்மா!" என்று பையை வாங்கிக்கொண்டேன். ஸ்டெதஸ்கோப் பொம்மையை வைத்து விளையாடிய வயதிலிருந்தே எங்கள் குடும்பத்தில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் சிரிக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் சனிக்கிழமை ஊர் சுற்றுவதென்று முடிவு செய்தேன். போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். மியூசியம், செம்மொழிப் பூங்கா, வள்ளுவர் கோட்டம், பிர்லா கோளரங்கம், அண்ணா நூற்றாண்டு நூலகம், கபாலீஸ்வரர் கோயில், கலங்கரை விளக்கம், மெரினா. மொத்தம் எட்டு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் வேறு. அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் டூர் மாதிரி இருக்குக்கா" என்றாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்!

செத்த காலேஜில் ஒரு கேள்வி

1851-ல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலைக்குப் பெயர் 'உயிர் காலேஜ்'. இதைச் சொன்னதும்தான் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் செல்ஃபி எடுத்தாள். வெண்கலச் சிற்பக் கூடத்தில் 11-ம் நூற்றாண்டின் திருவாலங்காடு நடராஜரைப் பார்த்தோம். பிரெஞ்சு சிற்பி ரோடின் இந்தச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்தே வியந்து எழுதியிருக்கிறார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் சிலையைச் சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து அமராவதிச் சிற்பங்கள், அதற்கடுத்து இன்னொரு கூடம். வாட்ச்சைப் பார்த்தபடியே அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

ஒரு படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, போதும்க்கா. கால் வலிக்குது."

"இன்னும் ஏழு இடம் இருக்குடி!"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா பேசச் சொன்னாங்களாக்கா?"

பொய் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "ஆமா. சொன்னாங்க" என்றேன்.

"அதான பாத்தேன். இல்லைன்னா என்னைய எதுக்குத் திடீர்னு மெட்ராஸுக்கு அனுப்பப்போறாங்க?"

சுருக்கென்றது. அவள் ஆசையாகக் கிளம்பி வந்த ஒரு நாளை நானும் சித்தியும் சேர்ந்து கவுன்சலிங்காக மாற்றியிருந்தோம்.

அந்தப் படிக்கட்டிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டோம். அவளாக எடுக்கும்வரை குரூப் பேச்சை நான் எடுக்கக் கூடாது. என் பட்டியல் அதோடு முடிந்தது. மீதி நாள் எங்கே போவதென்று அவள்தான் சொல்வாள். செலவுக்கு வைத்திருந்த 1,000 ரூபாயில் அதுவரை ஆன செலவு போக மிச்சத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டேன். "ரெண்டு பேருக்கும் இதுதான். ராத்திரி வரைக்கும் சமாளிக்கணும்" என்றேன். உடனே போனை எடுத்து, காலையில் நான் செய்த செலவுகளையும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

அவள் பிளான் ஆரம்பம்

"மெட்ரோல போகணும். அத்தோ சாப்பிடணும். பறக்கும் ரயில்ல போகணும். கடல் பாக்கணும்." இவ்வளவுதான் அவள் கேட்டது. நான் எட்டு இடம் எழுதியிருந்தேன். அவளுக்கு மூன்று பயணமும் ஒரு சாப்பாடும் போதுமாக இருந்தது.

எழும்பூர் மெட்ரோவில் ஏறி, அடுத்த நிறுத்தமான சென்ட்ரலில் நீல வழித்தடத்துக்கு மாறி, உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கினோம். சென்ட்ரலில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். ஒருமுறை தப்பான பக்கம் திரும்பினாள். போர்டைப் பார்த்துவிட்டு அவளே திரும்பி வந்தாள்.

வெளியே வந்தால் சிவப்புக் கற்கோட்டைபோல உயர் நீதிமன்றம். இந்தக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தில்தான் ஒரு காலத்தில் சென்னையின் கலங்கரை விளக்கம் எரிந்தது. 1977-ல்தான் மெரினாவில் இருக்கும் இப்போதைய கலங்கரை விளக்கத்துக்கு அந்த வேலை போனது. "கோர்ட்டு மேல லைட் ஹவுஸா?" என்று கழுத்தை வளைத்துப் பார்த்தாள். மியூசியத்தில் நான் கொடுத்த லெக்சரில் ஒன்றைக்கூட இப்படிக் கேட்கவில்லை.

பாரிமுனையிலிருந்து பர்மா பஜார் வழியாக நடந்தோம். 1960-களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் ஏராளமானோர் வெறுங்கையோடு கப்பலேறி வந்தார்கள். அவர்களின் பிழைப்புக்காக உருவானது இந்தக் கடைத்தெரு. அவர்கள் நாக்கில் கொண்டுவந்த ருசிதான் அத்தோ.

பஜாரில் ஒரு ஹேண்ட்பேக்குக்குக் கடைக்காரர் 350 ரூபாய் சொன்னார். நான் 300 கேட்கலாம் என்று நினைத்தேன். இவள் சிரித்துக்கொண்டே 150-ல் ஆரம்பித்து, இரண்டு முறை கிளம்புவதுபோல் நடந்து, 180-க்கு முடித்தாள். பிறகு போனில் குறித்தாள்.

பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் தள்ளுவண்டி முன் நின்றோம். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, நொறுக்கிய பேஜோ, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள். எல்லாவற்றையும் அண்ணன் கையாலேயே பிசைந்து தட்டில் வைத்தார். கூடவே சூடான வாழைத்தண்டு சூப். சூப்பை எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றினார். வயிற்றைக் கீறி வெங்காயமும் பூண்டும் அடைத்த மசாலா முட்டையைக் கண்ணில் நீர் வர வரச் சாப்பிட்டாள். "ரீல்ஸ்ல பாத்ததவிட நல்லாருக்குக்கா!"

பறக்கும் ரயிலில் ஜன்னல் சீட்

பீச் ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரி ரயில். சேப்பாக்கம் வரை 1995-லும், மயிலாப்பூர் வரை 1997-லும் வந்த தடம். பூங்கா நகர் தாண்டிச் சிந்தாதிரிப்பேட்டைக்கு வந்தால் ரயில் மேலே ஏறிவிடும். அப்புறம் கீழே கூவம், மொட்டை மாடித் துணிகள், சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஸ்டேடியம், பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய். டிக்கெட் விலையோ ஒரு டீ காசுக்கும் கீழே!

இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். திருவல்லிக்கேணி தாண்டும்போது அவளாகவே ஆரம்பித்தாள்.

"எனக்கு காமர்ஸ் எடுக்கணும்க்கா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பயாலஜி வராதுன்னு இல்ல. பிடிக்கல. ஆனா அப்பா எல்லார்ட்டயும் எம்பொண்ணு டாக்டர்னு சொல்லி வச்சிருக்காரு. கடைக்கு வர்றவங்க, கோயில் பூசாரி எல்லாரும் டாக்டரம்மாங்கிறாங்க. இப்போ வேணாம்னு சொன்னா அப்பா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பாரு?"

அவளுடைய பயம் பாடத்தைப் பற்றியதே இல்லை. அப்பாவின் மானம். பதினைந்து வயதுப் பெண் இதைத்தான் மாதக்கணக்கில் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

"நீயும் நேத்து அதைத்தானக்கா சொல்லிக் கூப்பிட்ட?" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கி, கடலை நோக்கி நடந்தோம். விளக்கின் மேலே ஏறலாமா என்று கேட்டேன். "வேணாம். மணல்ல உக்காரலாம்" என்றாள். இருட்டும்வரை உட்கார்ந்தோம். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கினோம். அவளுடைய ஸ்கூல் கதைகளைக் கேட்டேன். ஆலோசனை எதுவும் சொல்லவில்லை.

நீங்களும் கூட்டிப்போகப் போகிறீர்களா?

* ஒரு நாளுக்கு மூன்று, நான்கு இடங்கள் போதும். முதல் இடத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள், மற்றதை அவர்களிடம் விடுங்கள்.
* வெயில் உச்சத்தில் இருக்கும்போது மியூசியம், நூலகம், மெட்ரோ. வெயில் தாழ்ந்ததும் கடைத்தெரு, கடற்கரை.
* அன்றைய செலவுப் பணத்தை அவர்கள் கையில் கொடுங்கள். வழியையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.
* அத்தோவில் காரம் தூக்கலாக இருக்கும். குறைத்துப் போடச் சொல்லலாம். தண்ணீர் பாட்டில் அவசியம்.
* மெரினாவில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலையும் இழுப்பும் ஆபத்தானவை.
* மார்க், கோர்ஸ், கட் ஆஃப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது அவர்களாகவே பேசுவார்கள்.

சித்திக்கு ஒரு போன்

வீட்டுக்கு வந்ததும் கணக்கு ஒப்பித்தாள். மியூசியத்திலிருந்து சுண்டல் வரை எதுவும் விடுபடவில்லை. மீதி 215 ரூபாயை எண்ணிக் கையில் வைத்தாள். அவள் தூங்கியபிறகு சித்திக்கு போன் செய்தேன்.

"என்னம்மா, பேசினியா? என்ன சொல்றா?"

"நான் பேசல சித்தி. அவதான் பேசினா. என்னன்னு நான் சொல்லக் கூடாது, அவளே சொல்லுவா. நீங்களும் சித்தப்பாவும் நடுவுல எதுவும் சொல்லாம முழுசா கேளுங்க. அது போதும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி... நல்லா சாப்பிட்டாளா?" என்றார்.

"ரெண்டு தட்டு அத்தோ, சித்தி."

ஞாயிறு இரவு ரயிலேற்றிவிடப் போனேன். வீட்டில் என்ன முடிவாகும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால், ரயில் நகரும்போது ஜன்னலில் தெரிந்த முகத்தைப் பார்த்துக் கைகாட்டி, முதல்முறையாக அவளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சிரித்தாள்.