நான் விரும்பும் வேலை

இவ்வாண்டு பள்ளி திறந்த முதல் வாரத்தில் எங்கள் வகுப்பாசிரியை, பெரியவளானதும் என்ன வேலைக்குப் போவீர்கள் என்று எங்களை வரிசையாக எழுப்பிக் கேட்டார்கள். டாக்டர் பதினொரு பேர், ஆசிரியை ஒன்பது பேர், கலெக்டர் நான்கு பேர், நர்ஸ் மூன்று பேர், கன்னியர் மடத்தில் சேரப்போவதாக ஒருத்தி. (எதையும் எண்ணிக்கொண்டிருப்பது என் பழக்கம்.) என் முறை வந்தது. "உளவுத்துறை, சிஸ்டர்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. "கறுப்புக் கண்ணாடி வாங்கியாச்சா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். சிஸ்டரும் புன்னகை செய்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான். அவளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தோழிகள் சிரித்ததில் வியப்பில்லை. உளவு என்றால் சினிமாவில் வருவதுதான் எல்லோருக்கும் தெரியும். மாறுவேடம், துப்பாக்கி, ஓடும் ரயிலின் மேல் சண்டை. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஏட்டுத் தாத்தாவைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். காவல்துறையின் தனிப்பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, கை வைத்த பனியன், காதில் வைத்த பேனா. பணியில் இருந்தபோதும் பெரும்பாலும் சீருடை போட்டதில்லையாம். பேருந்து நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து தினத்தாள் படிப்பதே தம் வேலையில் பாதி என்று சொல்லிச் சிரிப்பார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு நாள் தவறாமல் அறிக்கை போக வேண்டும். எந்த ஊரில் எந்தச் சங்கத்தார் ஊர்வலம் போகப் போகிறார்கள், எந்தத் தெருவில் தண்ணீர் வராமல் பெண்கள் குடத்தோடு சாலையில் உட்காரப் போகிறார்கள், ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை காவடி வரும், மலைப்படியில் எந்தத் திருப்பத்தில் கூட்டம் நெரியும், இவையே அதில் இருக்கும். ஒன்றுமே நடக்காத நாளிலும் 'இன்று ஒன்றுமில்லை' என்று எழுத வேண்டும். அதுவும் ஒரு செய்திதானாம்.

திருத்தணியில் அப்படி என்ன உளவு என்று கேட்பீர்கள். நம் ஊர் எல்லை ஊர். 365 படி ஏறி மலைமேல் நின்று வடக்கே பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது ஆந்திரம். பொன்பாடியில் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால், பெயரைப் படித்து முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிடும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை நிலையம். ரேஷன் அரிசி அந்தப் பக்கம் போகிறது, கஞ்சா இந்தப் பக்கம் வருகிறது. அரிசிக் கடத்தலைப் பிடிக்கவென்றே குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை என்று தனியாக ஒன்று இருக்கிறது. சாவடியில் நிற்பவர்களுக்கு எந்த வண்டியை நிறுத்துவது என்று தெரிய வேண்டுமானால், யாரோ ஒருவர் முன்னதாகவே கண்ணையும் காதையும் திறந்து வைத்திருக்க வேண்டும்.

அதற்கு இரண்டு மொழி வேண்டும். எங்கள் ஆயா தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவர். 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அப்போது ஆயாவுக்கு ஏழு வயது. "ராத்திரி ஆந்திராவில் படுத்தேன், காலையில் மெட்ராஸில் எழுந்தேன், வாசலில் அதே எருமைதான் நின்றது" என்பார். அவர் மடியில் வளர்ந்ததால் எனக்கு இரண்டும் வரும். இது ஒரு திறமை என்று அண்மைக்காலம் வரை நான் நினைத்ததே இல்லை.

இனி, சிரிக்காதவளைப் பற்றி.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் நான் வகுப்புத் தலைவி. தவக்காலத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் உண்டியல் வைத்திருந்தார்கள், நினைவிருக்கும். ஒரு நாள் மதிய உணவு வேளையில் தண்ணீர் பாட்டில் எடுக்க வகுப்புக்குள் போனேன். அவள் கதவுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். கையில் அளவுகோல். அதன் முனை உண்டியலின் வாயில் இருந்தது. முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். என் காலடி கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டாள்.

நான் நேராக ஆசிரியையிடம் போனேன். "அவள் உண்டியலிலிருந்து பணம் எடுத்தாள்" என்றேன்.

அன்று பிற்பகல் முழுதும் அவள் வகுப்பின் முன்னால் நின்றாள். "எடுக்கவில்லை, போட்டேன்" என்று ஒரு முறை சொன்னாள். பிறகு வாயே திறக்கவில்லை. மறுநாள் அவள் அம்மாவை அழைத்து வரச் சொன்னார்கள். மறுநாள் கிருத்திகை. அவள் அம்மா மலையடிவாரத்தில் பூ விற்பவர். மாதத்தில் நல்ல வியாபாரம் நடக்கிற அந்த ஒரு நாளில், கட்டிய சரத்தையெல்லாம் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு ஈரக் கையோடு வந்து நின்றார். மகளின் காதருகே குனிந்து தெலுங்கில் ஏதோ சொன்னார். ஆசிரியைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "நீ எடுத்திருந்தால் சொல்லிவிடு, நான் கட்டிவிடுகிறேன்" என்றார்.

அப்போதுதான் தலைமைச் சகோதரி அந்த உண்டியலையும் ஓர் அளவுகோலையும் கொண்டுவரச் செய்தார்கள். தாமே ஒரு நோட்டை வெளியே எடுத்துப் பார்க்க முயன்றார்கள். வரவில்லை. அந்த வாய் அவ்வளவு குறுகல். தள்ளலாம், இழுக்க முடியாது. பூட்டைத் திறந்தபோது, நான்காய் மடித்த இருபது ரூபாய் நோட்டு ஒன்று வாயின் உட்பக்க விளிம்பில் பாதி நசுங்கிச் சிக்கிக்கொண்டிருந்தது. அவள் போட்டது. எல்லோரும் வெளியே போனபின் போட வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

ஆசிரியை அவளிடம் வருத்தம் தெரிவித்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, வகுப்புத் தலைவியின் சொல்லை நம்பினார்கள். நான் அழுதேன். அவள் அழவில்லை. அவள் அம்மா மணியைப் பார்த்துவிட்டு அவசரமாகப் போனார்.

அன்று மாலை ஏட்டுத் தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் காதிலிருந்த பேனாவை எடுத்து, நான் ஆசிரியையிடம் சொன்னதை அப்படியே சொல்லச் சொல்லித் தினத்தாளின் ஓரத்தில் எழுதினார். நான்கே சொற்கள். "இதிலே நீ கண்ணால் பார்த்தது எதெது, கண்ணு?" என்றார். 'அவள்', 'உண்டியல்' இரண்டையும் காட்டினேன். மற்ற இரண்டையும் அவர் அடித்தார். பணத்தை நான் பார்க்கவில்லை. எடுத்ததையும் பார்க்கவில்லை. முதுகிலிருந்து பார்த்தால் தள்ளுவதும் இழுப்பதும் ஒன்று போலத்தான் இருக்கும். "நீ பொய் சொல்லலை. பார்த்ததையும் நினைச்சதையும் ஒரே வரியிலே போட்டுட்டே. எங்க வேலையிலே அதுக்கு ஒரு ஆள் ஜெயிலுக்குப் போவான்" என்றார்.

அந்த வாரமே ஒரு நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது. பேருந்து நிலையம், கடைவீதி, ரயிலடி. முதல் மாதம் வலப்பக்கமே நிரம்பி வழிந்தது. தாத்தா ஞாயிறுதோறும் சிவப்பு மையால் திருத்தினார். என் கணக்கு நோட்டில்கூட அவ்வளவு சிவப்பு இருந்ததில்லை.

அதன்பிறகு படித்தவை எல்லாம் வேறு மாதிரி தெரிகின்றன. திருக்குறளில் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். நம்மில் பலர் அதை முழுதாகப் புரட்டியிருக்க மாட்டோம். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்க வேண்டும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்திருந்தால்தான் நம்ப வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யக்கூடாது, செய்தால் மறைபொருள் வெளிப்பட்டுவிடும் என்றும் ஒரு குறள் இருக்கிறது. பரிசளிப்பு விழா என்றால் முதல் வரிசையில் உட்காரும் எனக்கு அது சற்றுக் கசப்பாகத்தான் இருந்தது. எண்ணிக்கை நூலில் மோசே பன்னிரண்டு பேரைக் கானான் நாட்டை உளவு பார்க்க அனுப்புகிறார். நாற்பது நாள் ஒரே நாட்டைத்தான் அத்தனை பேரும் சுற்றினார்கள். பத்துப் பேர் தாங்கள் கண்டதோடு தங்கள் பயத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். மறைக்கல்வி வகுப்பில் இதை விசுவாசத்தைப் பற்றிய பாடமாகப் படித்தோம். எனக்கு இப்போது வலப்பக்கம், இடப்பக்கம் என்றும் தெரிகிறது.

உலகப் போரில் நூர் இனாயத் கான் என்ற பெண்மணி இருந்தார். திப்பு சுல்தானின் வழிவந்தவர். 1943 ஜூனில் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சுக்குள் ஆங்கிலேயரால் அனுப்பப்பட்டவர். அங்கே அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் இயக்குநர். கூட்டாளிகள் ஒவ்வொருவராய்ப் பிடிபட்டபோதும் திரும்பி வர மறுத்துப் பாரிஸிலேயே இருந்து செய்தி அனுப்பினார். ஆனால் அனுப்பிய செய்திகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவர் பிடிபட்டபோது அந்த நோட்டும் பிடிபட்டது. 1944 செப்டம்பர் 13-ஆம் தேதி டாஹாவ் முகாமில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பயிற்சியில் அவரைப் பற்றி ஐயப்பட்டவர்கள் உண்டு. அவரது துணிவைப் பற்றி அதற்குப் பின் யாரும் ஐயப்படவில்லை. இதைப் படித்த இரவு என் நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மறுநாள் காலையே அம்மா கண்டுபிடித்துவிட்டார்கள். பயிற்சி போதாது.

இந்த வேலைக்கு எப்படிப் போவது என்பதையும் விசாரித்தேன். என்னைப் போல் விரும்பும் தங்கைகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன். மத்திய உளவுத்துறையான ஐ.பி. 1887-இல் தொடங்கியது, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. அதில் இரண்டு வாசல்கள் எனக்குத் தெரிந்தவை. பட்டம் பெற்றவர்கள் உதவி மத்திய உளவு அதிகாரி தேர்வு எழுதலாம். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குப் பாதுகாப்பு உதவியாளர் பணி உண்டு. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் இரண்டுக்கும் பொது வயது 18 முதல் 27 வரை. இரண்டாவதற்கு அந்தந்த மாநிலத்தில் பேசப்படும் உள்ளூர் மொழி தெரிந்திருக்க வேண்டும். இதைப் படித்ததும் ஆயாவைக் கட்டிக்கொண்டேன், அவருக்குக் காரணம் புரியவில்லை. வெளிநாட்டு உளவுக்கு 1968-இல் 'ரா' பிரிந்தது. மாநிலத்தில் தனிப்பிரிவுக்கென்று நேராக ஆள் எடுப்பதில்லை. முதலில் சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாகக் காவலராகவோ, பட்டம் பெற்றுச் சார்பு ஆய்வாளராகவோ சேர வேண்டும். பிறகு அவர்கள்தான் பொறுக்கி எடுப்பார்கள். காவலர் தேர்வில் பெண்களுக்குப் பொதுவாக 159 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறார்கள். நான் 154. ஸ்கிப்பிங் ஆடுகிறேன்.

பெண்கள் இதற்குச் சரிப்படுவார்களா என்று என் மாமா கேட்டார். தமிழ்நாட்டுக் காவல்துறையில் 1973-இல் ஒரு பெண் சார்பு ஆய்வாளர், ஒரு பெண் ஏட்டு, இருபது பெண் காவலர்கள் என்று தொடங்கியது. 1976-இல் திலகவதி ஐ.பி.எஸ். ஆனார், கதையும் எழுதினார், 'கல்மரம்' நாவலுக்கு 2005-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்றார். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 2010-இல் லத்திகா சரண் மாநிலக் காவல்துறைத் தலைவரானார். தமிழ்நாட்டுப் பிரிவைச் சேர்ந்த அர்ச்சனா ராமசுந்தரம் 2016-இல், நேபாள, பூட்டான் எல்லைகளைக் காக்கும் சசஸ்திர சீமா பல் என்னும் படைக்கே தலைவியானார். மாமா பிறகு பேச்சை மழைக்குத் திருப்பிவிட்டார்.

ஆயாவின் மறுப்புதான் கடினம். "ஊராரைக் காட்டிக் கொடுக்கிற பிழைப்பு நம்ம வீட்டுக்கு வேண்டாம்" என்கிறார். அரிசி மூட்டையோடு ரயில் ஏறும் பெண்களில் சிலர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காக ஏறுகிறவர்கள், அவர்களைப் பற்றி நீ எழுதுவாயா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏட்டுத் தாத்தாவிடம் கேட்டேன். அவரும் வெகுநேரம் சும்மா இருந்தார். மூட்டை தூக்குபவளை எழுதியிருக்கிறேன், அவளிடம் மூட்டை வாங்குபவன் யார் என்று தெரியும்வரை ஓயாமலும் இருந்திருக்கிறேன், இரண்டாவதை எழுதிய நாட்களில்தான் நல்ல தூக்கம் வந்தது என்றார். ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அவருக்குத் தூக்கம் வராத நாளும் இருந்திருக்கு இல்லே?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கட்டுரையை மலருக்குக் கொடுக்கும் முன் அவளிடம் காட்டினேன். நடந்தது அவளுடையதும்தான், அவள் வேண்டாம் என்றால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இந்த ஓராண்டில் நாங்கள் நோட்டு, பேனா கேட்டுக்கொள்வதைத் தவிர அதிகம் பேசியதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். பெயர் போடாதே என்றாள். போடவில்லை. பிறகு என் பேனாவை வாங்கினாள். நான் 'ஹேர்பின்' என்று எழுதியிருந்த இடத்தை அடித்து 'அளவுகோல்' என்று எழுதினாள். 'பத்து ரூபாய்' என்று இருந்ததை 'இருபது' ஆக்கினாள். அவள் திருத்தியபடியே இங்கே கொடுத்திருக்கிறேன்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு